‘கெற்’ என்ற ஆங்கில வினைச்சொல்: வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வீட்டு முன்னறையில் சனி ஞாயிறுகளில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சாதாரணதரம் எழுதிவிட்டு இருக்கும் பிள்ளைகள், புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர்கள், கனடா விசாவுக்காக ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்கும் அம்மாமார் என்று எல்லாரும் வருவார்கள். வரும் எல்லாரையும் ஒரே சொல் மறிக்கிறது. அதைப் பற்றிக் கேட்டவற்றைக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு வந்தேன். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தருகிறேன்.

இதைத் தமிழில ‘கெட்’ எண்டு எழுதுறதா, ‘கெற்’ எண்டு எழுதுறதா?

இந்தியாவில் ‘கெட்’ என்று எழுதுவார்கள். இலங்கையில் இந்த ஒலிக்கு ‘ற்’ போடுவது பழக்கம்; ரிக்கெற், மார்க்கெற் என்று எழுதுகிற கை ‘கெற்’ என்றுதான் எழுதும். எனக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. ‘கெட்’ என்று பலகையில் எழுதினால், ‘கெட்டுப் போச்சா மிஸ்?’ என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டே தீருவான்.

இறந்தகாலம் ‘கொற்’. அமெரிக்கர்கள் பாவிக்கும் இன்னொரு வடிவம் ‘கொற்றன்’. புறநானூற்றில் வரும் பிட்டங்கொற்றனுக்குச் சொந்தக்காரன் போலத் தோன்றினாலும் அது அவன் இல்லை. அதைப் பற்றிப் பின்னால் வரும்.

மிஸ், கெற் எண்டா என்ன? ஒரே சொல்லில சொல்லுங்கோ.

பெறு.

இதைச் சொன்னதும் பலருக்கு முகம் சுருங்கிவிடும். ‘நான் தேத்தண்ணி பெற்றேன்’ என்று எந்த வீட்டில் சொல்கிறார்கள்? ஒரு வீட்டிலும் இல்லைதான். ஆனால் பெறு என்ற சொல் தமிழில் எங்கெங்கே போய் உட்கார்கிறது என்று பாருங்கள். பரிசு பெற்றேன் என்றால் ஒரு பொருள் வந்தது. வேலை நிறைவு பெற்றது என்றால் ஒரு நிலை வந்தது. கெற்றும் இதே வேலையைத்தான் செய்கிறது. ‘ஐ கொற் எ லெற்றர்’ என்றால் கடிதம் வந்து சேர்ந்தது. ‘ஐ கொற் வெற்’ என்றால் நனைந்த நிலை வந்து சேர்ந்தது, அதாவது நனைந்துபோனேன். ‘ஐ கொற் ஹோம்’ என்றால் நானே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இந்தக் கடைசிக்கு மட்டும் தமிழ்ப் பெறு உதவாது. மற்ற இரண்டுக்கும் அச்சாகப் பொருந்தும்.

அடியில் இருப்பது ‘வந்து சேர்தல்’ ஒன்றுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

டிக்சனரியில பாத்தா பக்கம் பக்கமா அர்த்தம் போட்டிருக்காங்க. எல்லாத்தையும் பாடமாக்கணுமா?

வேண்டாம். கெற்றுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். பெயர்ச்சொல் நின்றால் கிடைத்தல், வாங்குதல், கொண்டுவருதல். ஈரம், பசி, கோபம், இருட்டு போன்ற நிலைச்சொல் நின்றால் ‘ஆகுதல்’. இடம் நின்றால் போய்ச் சேர்தல். பாதிக்கு மேல் இதிலேயே முடிந்துவிடும். மிச்சம் ‘கெற் அப்’, ‘கெற் ஓவர்’ போன்ற கூட்டுச்சொற்கள். அவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். பட்டியல் போட்டுப் பாடமாக்கி யாரும் பேசியதை நான் பார்த்ததில்லை.

‘கிடைச்சுதா’ எண்டு கேக்க ‘டிட் யூ கெற்?’ எண்டால் ஏன் பிழை எண்டுறீங்கள்?

ஏனென்றால் பின்னால் ‘இற்’ இல்லை. ‘டிட் யூ கெற் இற்?’ என்று முடிக்க வேண்டும். தமிழில் ‘கிடைச்சுதா?’ என்ற ஒரே சொல் முழு வாக்கியம். எது என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் சொல்லவே தேவையில்லை. ஆங்கிலம் அப்படி விடாது. பெயர் சொல்லாவிட்டாலும் ‘இற்’ என்று ஒரு முளையாவது அடிக்க வேண்டும்.

இதற்குள்ளேயே இன்னொரு பொறி இருக்கிறது. ‘எனக்குக் கடிதம் கிடைத்தது’ என்பதில் எழுவாய் கடிதம்; நான் ‘எனக்கு’ என்று ஓரமாக நிற்கிறேன். ஆங்கிலத்தில் நான் நடுவே வந்து நிற்க வேண்டும்: ‘ஐ கொற் எ லெற்றர்’. புதிதாக வருபவர்கள் ‘த லெற்றர் கொற்’ என்று எழுதுவது இதனால்தான். கிடைத்தது என்று நினைத்து எழுதினால் தடுக்கும். பெற்றேன் என்று நினைத்து எழுதுங்கள், எழுவாய் தானாகச் சரியான இடத்துக்கு வரும்.

‘ஐ கொற் லேற்’ பிழையா? எங்கட ஒபிசில எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறவை.

கொழும்பில் யாருக்கும் விளங்கும். லண்டனில் ‘ஐ வோஸ் லேற்’ என்பார்கள். நாங்கள் சொல்வதற்குள் ‘சுணங்கிப் போச்சு’ ஒளிந்திருக்கிறது. என்மேல் பிழை இல்லை, சுணக்கம் தானாக வந்தது என்ற தொனி. அதே நேரம் ‘இற்ஸ் கெற்றிங் லேற்’, நேரம் போகிறது, என்பது எங்கும் சரி. அதில் நேரம்தான் பிந்துகிறது, ஆள் இல்லை.

முதலாளியிடம் சொல்லும்போது எது நல்லது என்று கேட்டால், ‘ஐ வோஸ் லேற்’ சொல்லிவிட்டு மன்னிப்பும் கேளுங்கள்.

பஸ்ஸுக்கு ‘கெற் ஓன்’, காருக்கு ‘கெற் இன்’. அப்ப ஓட்டோவுக்கு?

‘கெற் இன்’. உள்ளே எழுந்து நடக்கக் கூடிய வாகனம் என்றால் ஓன்: பஸ், ரயில், கப்பல், விமானம். குனிந்து உட்கார மட்டும் இடம் உள்ளது என்றால் இன். முதுகில் ஏறி உட்காருவது என்றால் திரும்பவும் ஓன்: சைக்கிள், மோட்டார் சைக்கிள், குதிரை. தமிழுக்கு இந்தக் கவலையே இல்லை, எல்லாவற்றிலும் ஏறுவோம்.

இந்தச் சொல் எங்க இருந்து வந்தது? லத்தீனோ?

லத்தீன் இல்லை. வைக்கிங்குகள் கொண்டுவந்த சொல். 793இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்தவர்கள், அடுத்த நூற்றாண்டில் கொள்ளையோடு நிற்காமல் குடியேறினார்கள். வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்து, உள்ளூர்ப் பெண்களைக் கட்டி, ஆங்கிலேயர்களோடு அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். 1016இல் கனூட் என்ற டென்மார்க்காரரே இங்கிலாந்துக்கு அரசரானார். அவர்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் ‘கெற்றா’ என்றால் பெறுதல், அடைதல். ஆங்கில எழுத்தில் கெற் தலைகாட்டுவது 1200 அளவில்.

ஒரு மொழி இன்னொன்றிடம் கடன் வாங்கும்போது சாமான்களின் பெயரைத்தான் வழக்கமாக வாங்கும். நாங்கள் போர்த்துக்கேயரிடம் அலுமாரியும் ஜன்னலும் மேசையும் வாங்கியது போல. ஆனால் ஆங்கிலம் நோர்ஸிடமிருந்து கெற், ரேக் போன்ற அன்றாட வினைகளை எடுத்தது. அதையும் தாண்டி ‘அவர்கள்’ என்று பொருள்படும் ‘தே’யையே எடுத்தது. ‘அவர்கள்’ என்ற சொல்லைக் கடன் வாங்க வேண்டுமென்றால் எவ்வளவு நெருங்கிப் பழகியிருக்க வேண்டும்! எனக்கு இந்த இடம் எப்போதும் ஆச்சரியம்.

ஆங்கிலத்திலயே பிறந்த சொல் இல்லை எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சவை?

ஒலியை வைத்து. பழைய ஆங்கிலத்திலும் இதற்கு ஒரு சகோதரச் சொல் இருந்தது. ஆனால் அது தனியாக வருவது மிக அரிது. முன்னொட்டோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். அதோடு அதன் முதல் எழுத்தை ‘க’ என்று சொல்லாமல் ‘ய’ என்று சொன்னார்கள். அந்தச் சொல் மட்டும் வளர்ந்து வந்திருந்தால் இன்றைக்கு நாங்கள் ‘யெற்’ என்று சொல்லிக்கொண்டிருப்போம். வன்மையான ‘க’ வைக்கிங்குகளின் கைரேகை. கொடு என்ற ‘கிவ்’வும் அப்படித்தான், 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சோசரிடம் அது இன்னும் ‘யிவ்’.

முட்டையை வைத்து இதை நன்றாகப் பார்க்கலாம். இங்கிலாந்தின் முதல் அச்சக்காரர் வில்லியம் காக்ஸ்டன் 1490இல் ஒரு கதை எழுதியிருக்கிறார். தேம்ஸ் ஆற்றிலிருந்து கடல் தாண்டப் புறப்பட்ட வணிகர்கள் காற்றில்லாமல் கரையில் தங்குகிறார்கள். அவர்களில் ஒருவர் ஒரு வீட்டில் போய்ச் சாப்பிட ‘எக்ஸ்’ கேட்கிறார். வீட்டுக்காரப் பெண் தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறாள். அவருக்குக் கோபம், ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. பிறகு வேறொருவர் ‘ஐரென்’ என்றதும் விளங்கிவிட்டது. எக் நோர்ஸ் சொல், ஐரென் உள்ளூர்ச் சொல். அங்கேயும் ‘க’வும் ‘ய’வும்தான் மோதின. 1490இலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் உயிரோடு இருந்திருக்கின்றன.

‘ஃபொர்கெற்’ உக்குள்ள இருக்கிறதும் இதே கெற்றா?

அதே குடும்பம். முன்னால் உள்ள ‘ஃபொர்’ இங்கே விலகுதல், இழத்தல் என்ற பொருள் தருகிறது. பிடித்திருந்தது கைநழுவியது, அதுதான் மறதி. இது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். அதனால் சோசர் காலத்தில் ‘ஃபொர்யெற்’ என்று மேலே சொன்ன ‘ய’வோடுதான் வரும். பிறகு கெற்றைப் பார்த்து அதுவும் ‘க’வுக்கு மாறியது. ஊகி என்று பொருள்படும் ‘கெஸ்’ஸும் இந்த வீட்டுப் பிள்ளை, நோர்ஸ் கெற்றாவுக்கே ஊகித்தல் என்ற பொருளும் இருந்தது.

இன்னும் பின்னால் போனால் லத்தீனும் வருகிறது, ஆனால் பெற்றோராக இல்லை, ஒன்றுவிட்ட சகோதரமாக. பிடித்தல் என்று பொருள்பட்ட ஒரே மிகப் பழைய வேரிலிருந்து ஒரு பக்கம் கெற்றும், மறுபக்கம் லத்தீனில் ‘பிரெஹெந்தெரே’யும் வந்தன. அந்த லத்தீன் சொல்லிலிருந்துதான் பிரிசன் என்ற சிறையும், சாதாரணதர வினாத்தாளில் பிள்ளைகளை உருட்டும் ‘கொம்பிறிஹென்சன்’ பகுதியும் வந்தன. விளங்குதல் என்பது பிடித்தல். ‘ஐ கெற் இற்’ என்றாலும் அதுதான். ‘இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடேல்ல’ என்று நாங்களும் சொல்கிறோம். மூன்று மொழியும் சொல்லிவைத்தது போல ஒரே உவமையைப் பிடித்திருக்கின்றன.

வேதாகமத்தில ‘பிகாற்’, ‘பிகாற்’ எண்டு வரிசையா வருதே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு அம்மா கேட்டது. இந்தப் பக்கத்தில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான்.

சம்பந்தம் நேரடியானது. மத்தேயு முதல் அதிகாரத்தில் ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான், ஈசாக்கு யாக்கோபைப் பெற்றான் என்று வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் ‘பிகாற்’. கெற்றுக்கு முன்னால் ‘பி’ சேர்த்த வினையின் பழைய இறந்தகாலம் அது. நோர்ஸ் கெற்றாவுக்கும் பிள்ளை பெறுதல் என்ற பொருள் உண்டு. தமிழில் பெறு அப்படியே நடக்கிறது: பெற்றார், மக்கட்பேறு, பேறுகாலம். பரிசையும் பெறுகிறோம், பிள்ளையையும் பெறுகிறோம்.

ஆதியாகமம் நாலாம் அதிகாரத்தின் முதல் வசனத்தை எடுங்கள். ஏவாள் காயீனைப் பெற்று, ‘கர்த்தரால் ஒரு மனுஷனைப் பெற்றேன்’ என்கிறாள். எபிரேய மூலத்தில் அது ஒரு சொல்விளையாட்டு. காயீன் என்ற பெயரும் அடைந்தேன் என்ற வினையும் ஒன்றுபோல் ஒலிக்கும். 1611இல் வந்த ஜேம்ஸ் அரசர் ஆங்கில மொழிபெயர்ப்பு அங்கே ‘ஐ ஹாவ் கொற்றன் எ மான்’ என்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பிலோ பெற்று, பெற்றேன் என்று ஒரே வினை இரண்டு பொருளில் அடுத்தடுத்து நிற்கிறது. ஆங்கிலம் தவறவிட்ட விளையாட்டில் கொஞ்சம் தமிழுக்கு இலவசமாகக் கிடைத்துவிட்டது.

பின்குறிப்பாக ஒன்று: பிரிட்டனில் திட்டும்போது சொல்லும் ‘கிற்’ என்ற சொல்லும் இதே கிளை. ‘பெற்ற பிள்ளை’ என்பது தகப்பன் பெயர் தெரியாத பிள்ளை என்று வசையாகித் தேய்ந்தது. வகுப்பில் இதைச் சொன்னால் மற்ற எல்லாவற்றையும் மறந்து இதை மட்டும் பிடித்துக்கொள்வார்கள்.

ரொரன்ரோவில இருக்கிற மகள் ‘கொற்றன்’ எண்டுறாள், நீங்கள் ‘கொற்’ எண்டுறீங்கள். ஆர் சரி?

இரண்டு பேரும். மேலே 1611இன் ஆங்கிலத்தில் கொற்றன் இருந்ததைப் பார்த்தோம். அந்த நூற்றாண்டில் கப்பலேறி அமெரிக்கா போனவர்கள் அதைக் கூடவே கொண்டுபோனார்கள். இங்கிலாந்தில் இருந்தவர்கள் மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள். ஆகவே அமெரிக்கர்கள் கெடுத்த சொல் என்று சொல்வது அநியாயம், காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். ‘ஃபொர்கொற்றன்’ மட்டும் இரண்டு கரையிலும் தப்பியிருக்கிறது.

உங்கள் மகளின் ஆங்கிலத்தில் இதனால் ஒரு நுட்பம் கூடுதலாக உண்டு. ‘ஐ ஹாவ் கொற் எ கார்’ என்றால் என்னிடம் கார் இருக்கிறது. ‘ஐ ஹாவ் கொற்றன் எ கார்’ என்றால் கார் ஒன்று வாங்கிவிட்டேன். பிரிட்டிஷ் வழியில் படித்த எங்களுக்கு இரண்டுக்கும் கொற்தான், சூழலைப் பார்த்து ஊகிக்க வேண்டும்.

‘ஐ கொற் ரு சீ’ எண்டால் பார்த்தேன் எண்டதா, பார்க்க வேணும் எண்டதா?

முன்னால் ‘ஹாவ்’ இருந்தால் வேண்டும். ‘ஐ ஹாவ் கொற் ரு சீ த டொக்டர்’, டொக்டரைப் பார்க்க வேண்டும். ஹாவ் இல்லாமல், நடந்து முடிந்த கதையாக வந்தால் வாய்ப்புக் கிடைத்தது என்று பொருள். ‘ஐ கொற் ரு சீ த வேல் கார்ட்’, இந்த முறை ஆடிவேல் ரதம் காலி வீதியால் வரும்போது காணப்பெற்றேன். ‘காணப்பெற்றேன்’ என்பதில் பெறு செய்கிற வேலையும் இங்கே கொற் செய்கிற வேலையும் ஒன்று.

சிக்கல் என்னவென்றால், அமெரிக்கப் படங்களில் ஹாவை விழுங்கிவிட்டு ‘கொற்றா’ என்று மட்டும் சொல்வார்கள். அங்கே அது வேண்டும்தான்.

‘ஐ ஸ்ரிச்ட் எ ப்ளவுஸ்’ எண்டு சொன்னதுக்கு ஏன் சிரிச்சீங்கள்?

மன்னிக்க வேண்டும். உங்களுக்குத் தைக்கத் தெரியுமா என்று கேட்டேன். ‘இல்லையே, பம்பலப்பிட்டியில ஒரு ரெயிலரிட்டக் குடுத்தனான்’ என்றீர்கள். அதனால் சிரித்தேன். நீங்கள் சொன்ன வாக்கியத்தில் ஊசி உங்கள் கையில் இருந்தது.

தமிழில் தைத்தேன், தைப்பித்தேன் என்று ஓர் எழுத்திலேயே ஆள் மாறிவிடும். ஆங்கிலத்தில் அந்த ‘பி’ இல்லை. அதற்குப் பதில் கெற்: ‘ஐ கொற் எ ப்ளவுஸ் ஸ்ரிச்ட்’. தலைமுடி வெட்டினாலும், வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பித்தாலும், ஃபோன் திருத்தினாலும் இதே வரிசைதான்: கொற், பிறகு பொருள், பிறகு வினையின் முடிந்த வடிவம்.

‘வோஸ் ரொப்ட்’, ‘கொற் ரொப்ட்’ ரெண்டும் களவு குடுத்ததுதானே?

செய்தி ஒன்றுதான், வாய் வேறு. ‘வோஸ்’ பொலிஸ் அறிக்கை. ‘கொற்’ வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வது. அடிபட்டான், பிடிபட்டான், அகப்பட்டான் என்று தமிழில் ‘படு’ போடும் இடங்களில் இந்தக் கொற் நன்றாக உட்காரும். ஆனால் படு பெரும்பாலும் கெட்டதற்கே. கொற் நல்லதற்கும் வரும். ‘ஷீ கொற் புறொமோற்றட்’ என்றால் பதவி உயர்வு பெற்றாள். அங்கே மறுபடி பெறு. கலியாணத்துக்கு எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள், ‘கொற் மரிட்’ அவ்வளவுதான்.

கட்டுரையில கெற் எழுதினா மாக்ஸ் குறைப்பாங்களா?

குறைக்கிறார்களோ இல்லையோ, ரீச்சர்மார் சிவப்பு மையால் சுற்றுவார்கள். கெற் பிழையான சொல் இல்லை, சாரம் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கும் சொல். 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக ‘ரிசீவ்’, ‘ஒப்ரெயின்’ போன்றவை வந்து சேர்ந்தன. கந்தோர்க் கடிதம் அவற்றைக் கேட்கும். விண்ணப்பத்தில் ‘ஐ ரிசீவ்ட் யுவர் லெற்றர்’ எழுதுங்கள். அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அப்படி எழுதினால் அவர் பயந்துபோவார்.

‘கெற் டவுண்’ எண்டால் இறங்குறதுதானே? லண்டன்காரன் ஏன் முழிக்கிறான்?

மரத்திலிருந்து, மதிலிலிருந்து, குதிரையிலிருந்து என்றால் அவரும் கெற் டவுண் என்பார். பஸ்ஸுக்கு மட்டும் ‘கெற் ஓஃப்’. நாங்கள் வெள்ளவத்தைச் சந்தியில் 101ஆம் நம்பர் பஸ்ஸிலிருந்து கெற் டவுண் பண்ணுவது ‘இறங்கு’ என்பதன் நிழல். இதற்கு அவர் விழிக்க மாட்டார், லேசாகச் சிரிப்பார்.

அவர் விழிப்பது மற்றதற்கு. புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் லண்டன் வியாபாரி ஒருவருக்கு மெயில் எழுதினார்: சீனாவிலிருந்து சாமான் ‘கொற் டவுண்’, மெசின் பூட்ட இந்தியாவிலிருந்து ஓர் ஆளையும் ‘கொற் டவுண்’. பதில் வந்தது: அந்த ஆள் எங்கே ஏறி நின்றார்? இலங்கை ஆங்கிலத்தில் மட்டும் கெற் டவுண் என்றால் வெளியூரிலிருந்து வரவழைத்தல். சிங்களத்தில் ‘கென்வனவா’ என்பார்கள். எங்களிடமும் ‘எடுப்பிச்சனான்’, ‘ஜப்பானில இருந்து வாகனம் இறக்கினான்’ என்ற பேச்சு உண்டு. கொழும்புக்குள் தாராளமாகப் பாவியுங்கள், எல்லாருக்கும் விளங்கும். வெளியே எழுதும்போது சாமானுக்கு ‘இம்போர்ட்டட்’ அல்லது ‘ஓர்டர்ட்’, ஆளுக்கு ‘புறோற் ஓவர்’. அண்ணன் இரண்டாவது மெயிலில் ஆளை ஒழுங்காக ‘புறோற் ஓவர்’ பண்ணிவிட்டார். சாமானை இன்னும் கெற் டவுண்தான் பண்ணுகிறார்.